தேய்ந்த ரூபாயின் எடை: சாங்வி வட்டாரத்தை முன்வைத்துப் பழவெள்ளிக் காசுக் கொள்முதல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

புழக்கத்திலிருந்து நீங்கிய வெள்ளிக் காசை அதன் முகமதிப்பையோ தொன்மையையோ கருதாமல் உலோகமாக மட்டும் எடைபோட்டு வாங்கும் வழக்கம் இந்தியச் சந்தைகளில் இன்றும் உள்ளது. இவ்வழக்கம் அண்மைக்காலத்தது என்று எண்ணுவோர் உளர். ஆயின், ரூபாய் என்னும் நாணயம் தோன்றிய காலந்தொட்டே அது இருமுகம் கொண்டிருந்தது. எண்ணிக் கொடுக்கும்போது அது காசு. நிறுத்துக் கொடுக்கும்போது அது வெள்ளி. இவ்விரண்டில் எது மேலோங்கியது, அதனால் யார் ஆதாயம் பெற்றார், யார் இழந்தார் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. மராட்டிய மாநிலம் புனேயை ஒட்டிய சாங்வி வட்டாரத்தைக் களமாகவும் தமிழகச் சான்றுகளைத் துணையாகவும் கொண்டு இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாங்வி, முளா ஆறும் பவனா ஆறும் கூடுமிடத்தை அடுத்துள்ள ஊராகும். ஜுனி சாங்வி, நவி சாங்வி என இருபகுதிகளாக வழங்கும் இவ்வூர் இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்டது. ஒருபுறம் கட்கி. அங்கு 1817 நவம்பர் 5 ஆம் நாள் பேஷ்வாவின் படையும் ஆங்கிலேயப் படையும் மோதின. மறுபுறம், பவனா ஆற்றை ஒட்டிச் சில கிலோமீட்டர் தொலைவில், பேஷ்வா காலத்தில் அக்கசாலை இயங்கிய சிஞ்ச்வட். சாங்விக்கென்று தனியே நாணய வரலாறு எழுதப்படவில்லை. ஆயினும் காசு அடிக்கப்பட்ட ஓர் ஊருக்கும் அக்காசின் ஆட்சி முடிவுக்கு வந்த ஒரு களத்துக்கும் இடையே அது அமைந்துள்ளமை நம் நோக்கத்துக்குப் பொருந்துவதாகும்.

வண்ணக்கரும் சராபுகளும்

காசைச் சோதித்து மதிப்பிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் புலவருள் வடமவண்ணக்கன் தாமோதரனார் போன்றோரின் பெயர்களில் வரும் வண்ணக்கன் என்னும் சொல் நாணயச் சோதகனைக் குறிப்பதாக அறிஞர் கொள்வர். சோழர் கல்வெட்டுகளில் பழங்காசு, அன்றாடு நற்காசு எனும் வழக்குகள் பயில்கின்றன. பழைய காசையும், அன்றன்று செல்லும் நல்ல காசையும் வேறுபடுத்திக் குறிக்க வேண்டிய தேவை அன்றே எழுந்துள்ளது என்பது இவற்றால் புலனாகிறது. தீப்போக்குச் செம்பொன் என்னும் தொடரோ உலோகத்தின் தூய்மையைத் தீயிலிட்டு உறுதிசெய்த நிலையைச் சுட்டுகிறது. பிற்காலத்தில் இத்தொழிலாளர் நோட்டக்காரர் எனவும் சராபுகள் எனவும் வழங்கப்பெற்றனர். அரபு மூலமுடைய சராபு என்னும் சொல்லே மராட்டியில் சராஃப் ஆகியது. ஆங்கிலேயர் வாயில் அது ஷிராஃப் எனத் திரிந்தது. காசையும் நேர்மையையும் நாணயம் என்னும் ஒரே சொல்லால் வழங்கும் மொழியில், நாணயத்தைச் சோதிப்பவன் மீதே ஐயம் மிகுதியாக எழுந்தமை ஒரு முரண்.

முகலாயர் காலத்து அக்கசாலை முறையை அறிந்தாலன்றிச் சராபின் இடம் விளங்காது. அம்முறையில் வெள்ளி கொண்டுவருவோர் எவராயினும் உரிய கூலியும் அரசுப் பங்கும் செலுத்தி அதனைக் காசாக்கிக் கொள்ளலாம். அவ்வாண்டில் அடித்த புதுக்காசு சிக்கா எனப்பட்டது. அதற்கு முழுமதிப்பு உண்டு. அதே அரசரின் முந்தைய ஆண்டுகளில் அடித்த காசு சலனி. முந்தைய அரசர் காலத்தது கஜானா. இவ்விரண்டும் எடை குன்றாதிருப்பினும் வட்டம் பிடிக்கப்பட்ட பிறகே ஏற்கப்பட்டன. அஃதாவது, காசு கைமாறக் கைமாற அது மெல்லமெல்ல வெள்ளியாக மாறிக்கொண்டே வந்தது. வட்டம், உலோக மதிப்பு என்னும் தரைமட்டத்தை எட்டியதும் சராபு அதனை வாங்கி அக்கசாலையில் சேர்ப்பார். அது மீண்டும் சிக்காவாகப் பிறக்கும். இன்று பழவெள்ளிக் கடைக்காரர் செய்வதன் முன்வடிவம் இதுவே. ஒரே வேறுபாடு, அன்று உருக்கிய வெள்ளி திரும்பவும் பணமாயிற்று. இன்று அது கொலுசாகவோ குங்குமச் சிமிழாகவோ ஆகிறது.

பேஷ்வா ஆட்சியில் இந்நிலை மேலும் சிக்கலாயிற்று. தனியார் தட்டார்களுக்கு உரிமம் வழங்கி அக்கசாலை நடத்தும் முறை அங்கு நிலவியது. இதனை விரிவாக ஆராய்ந்து, மராட்டியர் ஆட்சிக்கால நாணயங்களும் அக்கசாலைகளும் பற்றி 1899 இல் கட்டுரை வெளியிட்டவர் மகாதேவ் கோவிந்த் ரானடே. புனே வட்டாரத்தில் யானைத் துறட்டியின் குறி பொறித்த அங்குசி ரூபாய் செல்வாக்குப் பெற்றிருந்தது. நாசிக் பகுதியின் சாந்தோரி ரூபாயும் பிற ஊர்க் காசுகளும் உடன் வழங்கின. மராட்டியர் அடித்த இக்காசுகள் பல முகலாய அரசர் பெயரையே தாங்கியவை. எனவே, எழுத்தைப் படித்துக் காசின் தகுதியை அறிய இயலாது. குறியைக் கண்டும், உரைத்தும், நிறுத்துமே அறிய வேண்டும். உழவர் கையில் ஒருவகைக் காசும் வரி கேட்போர் பதிவேட்டில் வேறுவகைக் காசும் இருக்கையில் இடைப்பட்ட வட்டம் சராபைச் சேர்ந்தது. வட்டத்தின் சுமை பெரும்பாலும் உழவர் மீதே விழுந்தது.

ஆண்டை உறையச் செய்தல்

வட்டத்துக்கு ஆண்டே காரணமாயின், ஆண்டையே மாற்றாமல் விட்டால் என்ன? கும்பினியார் கண்ட வழி இதுவே. வங்காளத்தில் ஷா ஆலம் அரசரின் 19 ஆம் ஆட்சியாண்டு பொறித்த சிக்காவையே ஆண்டுதோறும் அடித்து வரும் முறை 1793 இல் சட்டவழி உறுதிப்பட்டது. தமிழகத்தில் வழங்கிய ஆர்க்காட்டு ரூபாயிலும் இதே நிலையைக் காண்கிறோம். சென்னையில் ஆங்கிலேயர் அடித்த அக்காசு இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும் இஜிரி 1172 என்னும் ஆண்டையும் அவ்வரசர் மறைந்து நெடுநாளான பின்னரும் சுமந்து வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1736 இல் ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றனர். பிறைக்குறி தாங்கிய அவர்தம் காசும் ஆர்க்காட்டு வடிவினதே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அதே ஆண்டில் தொடங்குவது இங்கு நினைக்கத்தக்கது.

பேஷ்வா ஆட்சி முடிவுற்ற 1818 ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வராகனுக்கு மாற்றாக வெள்ளி ரூபாய் அளவைக் காசாக அறிவிக்கப்பட்டது. எடை 180 கிரெயின். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இவ்வளவே 1835 ஆம் ஆண்டின் சட்டத்தால் கும்பினி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் பொதுவாயிற்று. இன்றைய கணக்கில் 11.66 கிராம் எடை, 91.67 விழுக்காடு தூய்மை, அதாவது 10.69 கிராம் தூயவெள்ளி. இந்தப் பொது ரூபாயிலும் ஆண்டை உறையச் செய்யும் உத்தி தொடர்ந்தது. 1835 எனப் பொறித்த காசு 1840 வரையிலும், 1840 எனப் பொறித்தது 1862 வரையிலும், 1862 எனப் பொறித்தது 1874 வரையிலும் அடிக்கப்பட்டன. இன்று பழங்காசு விற்க வருவோர் 1862 ஆம் ஆண்டு ரூபாயை அரியதென எண்ணி ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

பொறியால் அடித்த இக்காசு மராட்டியில் கல்தார் எனப்பட்டது. கல் என்பது அங்குப் பொறியைக் குறிக்கும். விளிம்பில் வரி அமைந்ததால் சுரண்டினால் தெரிந்துவிடும். பேரளவில் ஒரே சீரான எடை வாய்த்தமையால் காசே படிக்கல்லும் ஆயிற்று. 180 கிரெயின் ஒரு தோலா. தமிழ்நாட்டில் அது ரூபாய் எடை. மூன்று ரூபாய் எடை ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். சித்த மருத்துவ நூல்களில் வராகன் எடையோடு ரூபாய் எடையும் இடம்பெற்றமை இதன் விளைவு. உலோகத்தை அளக்கக் காசு, காசை அளக்க உலோகம் என்னும் இந்நிலையில் தேய்மானம் என்பது பெருஞ்சிக்கல். 1906 ஆம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டப்படி இரண்டு விழுக்காட்டிற்கு மேல் எடை குறைந்த ரூபாய் சட்டப்படி செல்லுபடியாகாது. 180 கிரெயினில் அது 3.6 கிரெயின், ஏறத்தாழ கால் கிராம். கைகள் உரசி உரசிக் கால் கிராம் கரைந்தால் ஒரு ரூபாய் தன் பெயரை இழந்துவிடும்.

அக்கசாலைக் கதவு மூடிய பின்

பழவெள்ளியின் வரலாற்றில் 1893 ஆம் ஆண்டினும் முதன்மையான ஆண்டு வேறில்லை. அதற்கு முன்வரை, எவரும் வெள்ளியை அக்கசாலையில் கொடுத்துச் சிறு கட்டணம் கழித்து ரூபாயாகப் பெறலாம். எனவே, கழுத்திலும் காலிலும் அணிந்த வெள்ளி உண்மையில் சேமித்த பணமே. 1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் ஒருங்கே வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது வெள்ளி நகைகள் பம்பாய் அக்கசாலைக்குத் திரளாக வந்து சேர்ந்தன. புனே மாவட்ட உழவரும் சேலம், கோவை உழவரும் ஒரே பஞ்சத்தில் ஒரே வகையான இறுதி இருப்பை இழந்தனர் என்பது இவ்விரு வட்டாரங்களையும் இணைக்கும் துயரச் செய்தி.

உலகச் சந்தையில் வெள்ளி விலை 1870களிலிருந்து வீழ்ந்து வந்தது. இலண்டனுக்குப் பொன் கணக்கில் செலுத்த வேண்டிய தொகை இந்திய அரசுக்குச் சுமையாயிற்று. எர்ஷல் குழுவின் பரிந்துரையை ஏற்று 1893 சூன் 26 ஆம் நாள் அக்கசாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டன. ரூபாயின் மதிப்பை 16 பென்சுக்கு உயர்த்துவது நோக்கம். 1898 அளவில் அது கைகூடியது. 16 அணா கொண்ட ரூபாய் 16 பென்சுக்குச் சமமாகவே ஓர் அணா ஒரு பென்சாயிற்று. இவ்வொற்றுமை கணக்கை எளிதாக்குகிறது. ஒரு ரூபாயில் உள்ள தூயவெள்ளி 165 கிரெயின். இலண்டன் சந்தையின் தர அவுன்சில் தூயவெள்ளி 444 கிரெயின். எனவே, அவுன்சு விலையைப் பென்சில் கண்டு அதனை 165 ஆல் பெருக்கி 444 ஆல் வகுத்தால் ரூபாயின் உலோக மதிப்பு அணாவில் கிடைக்கும். 1899 அளவில் அவுன்சு 27 பென்சு. ஆகவே, ரூபாயின் வெள்ளி பத்து அணா. காசாக இருந்தால் பதினாறு அணா, அதே வெள்ளி கொலுசாக இருந்தால் பத்து அணா.

இதன் பொருளை எளிய குடும்பத்தின் நிலையில் வைத்துக் காண்டல் வேண்டும். நூறு ரூபாய்க் காசுகளை 1893 க்கு முன் உருக்கி நகை செய்த ஒரு வீடு, 1899-1900 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அந்நகையை விற்றால் செய்கூலி, சேதாரம் நீங்கலாகவே அறுபத்திரண்டு ரூபாய் அளவிற்குத்தான் பெற்றிருக்கும். காசுகளை உருக்காமல் பானையில் புதைத்து வைத்த அண்டைவீடு முழு நூறும் பெற்றிருக்கும். இரு வீட்டாரும் சிக்கனமானவரே. ஒரு சட்டம் அவர்களைப் பிரித்தது. செலாவணி பற்றிய அக்கால விவாதங்கள் அரசின் கடன்சுமையையும் ஏற்றுமதி வணிகரின் நலனையும் பேசிய அளவு, நகையாக உறைந்த இச்சேமிப்பைப் பேசவில்லை. தாதாபாய் நவரோஜி முதலிய சிலர் குரல் எழுப்பினர், அக்குரல் ஏற்கப்படவில்லை. பின்னாளில் அம்பேத்கர் 1923 இல் வெளியிட்ட ரூபாயின் சிக்கல் குறித்த நூல், 1893 க்குப் பிந்தைய ஏற்பாட்டை வேறொரு கோணத்திலிருந்து கடுமையாகத் திறனாய்வு செய்தது.

அக்காலத்தில் பழைய ரூபாயை உலோகத்துக்காக வாங்குவோர் எவருமிலர். பத்து அணா வெள்ளியைப் பதினாறு அணா கொடுத்து வாங்குவார் யார்? ஆனால் முதல் உலகப்போர் இந்நிலையைத் தலைகீழாக்கியது. மேற்கண்ட சூத்திரத்தின்படி, அவுன்சு 43 பென்சு ஆகும்போது ரூபாயின் உலோகம் சரியாக 16 அணாவை எட்டும். 1917 இல் விலை இவ்வெல்லையைத் தாண்டியது. உடனே காசுகள் உருக்குலையில் மறையலாயின. நாணயத்தைச் செலாவணியன்றி வேறு பயனுக்குக் கொள்வது 1917 சூனில் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் நாள் ஒரு ரூபாய்த் தாள் வந்தது; அடுத்த சனவரியில் இரண்டரை ரூபாய்த் தாளும் வந்தது. அமெரிக்கா 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் இயற்றித் தன் வெள்ளி டாலர்களை உருக்கி 20 கோடி அவுன்சு வெள்ளியை இந்தியாவுக்காக விற்றது. 1920 பிப்ரவரியில் அவுன்சு விலை 89½ பென்சு என்னும் உச்சத்தைத் தொட்டது. பழைய மாற்று வீதத்தில் கணக்கிட்டால் ஒரு ரூபாயில் 33 அணா வெள்ளி. இடையில் அரசு மாற்று வீதத்தையே உயர்த்தி உருக்கும் ஆதாயத்தைக் குறைத்தது. இருப்பினும், தடையை மீறி எத்தனை விக்டோரியா ரூபாய்கள் அவ்வாண்டுகளில் அழிந்தன என்பதை எந்தப் பதிவேடும் கூறாது.

பாதி வெள்ளி

இரண்டாம் உலகப்போரில் அரசு வேறு வழியை மேற்கொண்டது. உருக்குவோரைத் தடுப்பதற்கு மாறாக உலோகத்தையே குறைத்தது. 1940 இல் திருத்திய சட்டப்படி ரூபாயில் வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு என்றாயிற்று. எடையோ அதே 11.66 கிராம். விளிம்பில் மட்டும் வரிகளுக்கிடையே பாதுகாப்புப் பள்ளம் ஒன்று சேர்க்கப்பட்டது. விக்டோரியா, எட்வர்டு, சார்சு ஆகியோர் உருவம் தாங்கிய பழைய முழுவெள்ளி ரூபாய்கள் 1941 முதல் 1943 வரை படிப்படியாகச் செல்லாக்காசாக்கப்பட்டன. இம்முறை அரசே மிகப்பெரிய பழவெள்ளிக் கொள்முதலாளர். முழுவெள்ளியை முகமதிப்பில் பெற்று அரைவெள்ளியைத் திருப்பித் தந்தது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற 20 கோடி அவுன்சுக்கு மேற்பட்ட வெள்ளியைத் திருப்பித் தரும்போது, இந்நாற்கலப்புக் காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கிப் பிரித்த வெள்ளி பயன்பட்டது. 1947 இல் வந்த ரூபாய் நிக்கலால் ஆனது.

செல்லாக்காசு என்னும் நிலை எய்திய அன்றே பழைய ரூபாய் முழுமையாக உலோகமாயிற்று. ஒப்படைக்காமல் வீட்டில் வைத்திருந்தோரின் காசுகளே இன்று சாங்வியிலும் சிஞ்ச்வட்டிலும் புனே நகரத்து இலட்சுமி சாலையிலும் விற்பனைக்கு வருவன. தனத்திரயோதசி அன்று பூசையில் வைக்கும் வெள்ளிக் காசுக்கு மராட்டியர் இல்லங்களில் தனி மதிப்பு உண்டு. விக்டோரியா உருவமுள்ளதை இராணி சாப் என்பர். அவ்விருப்பமே போலிகளுக்கும் சந்தை தந்துள்ளது. எடை சரியாக இருப்பினும் விளிம்பு வரி, எழுத்தின் கூர்மை, ஓசை ஆகியவற்றால் தேர்ந்தவர் போலியை இனங்காண்பர்.

சாங்வி போன்ற தொழில்நகரப் புறப்பகுதிகளில் இன்னொரு வகைக் காசும் கலந்து வர வாய்ப்புண்டு. மராத்வாடா முன்னாளில் ஐதராபாத் நிசாமின் ஆட்சிக்குட்பட்டது. அங்கிருந்து புனேக்குக் குடிபெயர்ந்தோர் பலர். சார்மினார் உருவம் பொறித்த ஆலி சிக்கா ரூபாயின் எடை 11.178 கிராம், வெள்ளி 81.8 விழுக்காடு. பிரித்தானிய இந்தியாவின் நூறு ரூபாய்க்கு 116 ரூபாய் 10 அணா 8 பை ஆலி சிக்கா என்பது அக்கால மாற்று வீதம். அதாவது ஆறுக்கு ஏழு. ஆலி சிக்காவின் தூயவெள்ளி 9.14 கிராம். அதனை ஏழால் பெருக்கி ஆறால் வகுத்தால் 10.67 கிராம் வருகிறது. பிரித்தானிய ரூபாயின் 10.69 கிராமுக்கு இது ஏறத்தாழச் சமம். இரு அரசுகளுக்கிடையே நிலவிய மாற்று வீதம் உலோகத்தையே தழுவி நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. போர்க்காலத்தில் ஐதராபாத்தும் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது.

வெள்ளி கிலோ ஓர் இலட்சம் ரூபாய் எனக் கொண்டால் முழுவெள்ளி ரூபாயின் உலோகம் 1,069 ரூபாய். 1940க்குப் பிந்தைய நாற்கலப்பு ரூபாயினுடையது 583. 2025 இல் சந்தை விலை அவ்விலட்சத்தையும் கடந்தது. தேய்மானம், உருக்குச் சேதாரம், வாங்குவோர் ஆதாயம் ஆகியவை கழிக்கப்படும். ஆறாம் சார்சு உருவமுள்ள காசு இருவகையிலும் உண்டாகையால் விற்போர் ஆண்டையும் விளிம்பையும் பார்த்தல் நன்று. தராசு இதற்கு மேல் எதையும் வேறுபடுத்துவதில்லை. 1911 இல் ஐந்தாம் சார்சின் உடையில் பொறித்த யானை பன்றிபோல் தோன்றியதாக எதிர்ப்பு எழ, அரசு அடித்தவற்றுள் பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1939 ஆம் ஆண்டின் முழுவெள்ளி ரூபாயும் மிக அரிது. இவற்றைத் தராசு மற்றவற்றோடு சேர்த்தே நிறுக்கும்.

அரிய காசுகளைக் காட்டிலும் சாதாரணக் காசுகளின் அழிவே வரலாற்றுக்குப் பேரிழப்பு எனல் வேண்டும். சென்னை அக்கசாலை 1869 இல் மூடப்பட்டது. அதன்பின் பம்பாயும் கல்கத்தாவும் ரூபாய் அடித்தன. ஐந்தாம் சார்சு ரூபாயின் அடிப்பூவின் கீழ் புள்ளி இருப்பின் அது பம்பாயினது, இன்றேல் கல்கத்தாவினது. 1943 முதல் இலாகூரும் சேர்ந்தது. ஒரு வீட்டுப் பானையில் கிடைக்கும் இருபது காசுகளின் ஆண்டு, அக்கசாலைக் குறி, எடைக்குறைவு ஆகிய மூன்றையும் குறித்து வைத்தால், அவ்வீட்டார் எப்போது சேமித்தனர், காசு எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் கைமாறியது என்பன தெரியவரும். ரூபாய்களின் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு நாட்டின் புழக்கத்தையே எஃப். சி. ஆரிசன் மதிப்பிட்டார்; கெயின்சு 1913 இல் வெளியிட்ட இந்தியச் செலாவணி பற்றிய நூலில் இம்முறையைக் கையாண்டார். தனியொரு காசு கூறாததை ஒரு குவியல் கூறும். குவியல் கலைந்தால் அச்சான்று மீளாது.

சட்டம் இதில் ஓரளவே துணைசெய்கிறது. பூமியில் மறைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்பது 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசு 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்படும். தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. 2021 மார்ச்சில் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் சிக்களிப் பகுதியில் தொழிலாளர் கைக்குக் கிடைத்த 216 பழம்பொற்காசுகளைக் காவல்துறை மீட்டது. அவை எண்ணப்பட்டன, நிறுக்கப்பட்டன, பதிவாயின. புதையாமல் பெட்டியில் இருந்த பாட்டியின் இருபது ரூபாய்க் காசுகளை இவ்வாறு எவரும் எண்ணுவதில்லை. அவற்றுக்குக் கடையில் எழுதப்படும் ஒரே குறிப்பு மொத்த எடை. அதே வாரத்தில் அவை தட்டாரின் மூசைக்குச் செல்கின்றன.